கஞ்சமலை இரும்பும் சீமைக் குழாய்ப் பாலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்து இரும்பு சீமைக்குக் கப்பலேறி அங்கே பாலமாக நிற்கிறது என்ற பேச்சை நம்மூரில் கேட்காதவர்கள் குறைவு. டீக்கடையிலும் வரும், பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையிலும் வரும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடும் வரும். அதைச் சுற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில். பாதிப் பதில் வேல்ஸ் நாட்டில் இருக்கிறது, மீதி சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை இருக்கும் இளம்பிள்ளை ரோட்டில்.

லண்டன் பிரிட்ஜை சேலத்து இரும்பில்தான் கட்டினார்களாமே?

இல்லை. 1831-ல் திறந்த லண்டன் பாலம் கிரானைட் கல் பாலம். அதன் கற்களுக்கு நம்பர் போட்டுக் கழற்றி அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்கள், அரிசோனாவில் லேக் ஹவாசு சிட்டி என்ற ஊரில் 1971-லிருந்து நிற்கிறது. லண்டனில் இப்போது இருப்பது 1973-ல் திறந்த கான்கிரீட் பாலம். படத்தில் இரண்டு கோபுரத்தோடு நடுவில் பிளந்து மேலே தூக்குமே, அது டவர் பிரிட்ஜ், 1894-ல் வந்தது. அதற்குள் சேலத்துத் தாதுவை உருக்கிய கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆக லண்டனை விட்டுவிடலாம்.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது?

சும்மா கிளம்பவில்லை, புகைக்கு நெருப்பு உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒருவர், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) உத்தியோகத்தில் சேலம் பக்கம் இருந்தவர். இங்கே ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மண் உலையில் இரும்பு காய்ச்சுவதைப் பார்த்துவிட்டு, இதையே சீமை மாதிரி பெரிய உலை போட்டுச் செய்தால் என்ன என்று நினைத்தார். உத்தியோகத்தை விட்டார், இங்கிலாந்துக்குப் போய்த் தொழிலைப் பார்த்துவிட்டு வந்தார், 1830-ல் கடலோரம் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலையைத் தொடங்கினார். தாது நம்ம சேலம் ஜில்லாவிலிருந்து ஆற்று வழியாகப் பரிசலில் போயிற்று. அங்கே உருக்கிய வார்ப்பிரும்புக் கட்டிகள் கப்பலில் இங்கிலாந்து போயின, ஷெஃபீல்டு எஃகுக்காரர்கள் வாங்கினார்கள். இதுவரை சந்தேகமே வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் பாலம் வருகிறது. பரங்கிப்பேட்டை இரும்பு வேல்ஸில் மெனாய் பாலத்துக்கும் பிரிட்டானியா குழாய்ப் பாலத்துக்கும் பயன்பட்டது என்று ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகளில் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியை ஒருவர் பார்த்து ஒருவர் எழுதி, எழுதியதைக் கேட்டு மேடையில் பேசி, வேல்ஸ் என்றால் நம் ஆட்களுக்குத் தெரியாதே என்று லண்டன் ஆக்கி, இன்றைக்கு இந்த அளவில் வந்து நிற்கிறது.

சரி, அந்த இரண்டு பாலத்தில் எது உண்மை?

வருஷத்தை வைத்துப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மெனாய் தொங்கு பாலம் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டியது, திறந்தது 1826 ஜனவரி. ஹீத் உலை மூட்டியது 1830. மூட்டாத உலையில் உருகாத இரும்பு எப்படிப் போய்ப் பாலத்தில் தொங்கும்? அந்தப் பாலத்துச் சங்கிலிக்கு இரும்பு இங்கிலாந்திலேயே ஷ்ரோப்ஷயர் பக்கம் வில்லியம் ஹேசல்டைன் பட்டறையில் அடித்தது. அது தள்ளுபடி.

பிரிட்டானியா பாலம் வேறு கதை. 1846-ல் வேலை தொடங்கி 1850 மார்ச்சில் ரயில் ஓடியது. அந்த வருஷங்களில் பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துச் சந்தையில் இருந்தது, காலம் பொருந்துகிறது. ஆனால் பாலத்துக்கு வேண்டியது ஆயிரக்கணக்கான டன் தேனிரும்புத் (அடித்தால் உடையாமல் வளைகிற இரும்பு) தகடு. நாம் அனுப்பியது வார்ப்பிரும்புக் கட்டி, அதை அங்கே மறுபடி காய்ச்சி, பதப்படுத்தி, தகடாக உருட்டினால்தான் பாலத்துக்கு ஆகும். ஆகவே என் தீர்ப்பு: நம் இரும்பு கொஞ்சம் அதில் கலந்திருக்கலாம், ‘சேலத்து இரும்பில் கட்டிய பாலம்’ என்று சொன்னால் அளந்துவிடுகிறோம். இதை மேடையில் சொன்னால் கைதட்டு குறையும், தெரியும்.

குழாய்ப் பாலம் என்கிறீர்களே, தண்ணீர்க் குழாயா?

இல்லை, ரயிலே உள்ளே போகிற குழாய். வட்டமும் இல்லை, நீள்சதுரம். தீப்பெட்டியில் குச்சி இருக்கும் உள்பெட்டியை உருவிவிட்டால் ஓர் உறை மிஞ்சுமே, அதை இரும்புத் தகட்டில் செய்து, கோடிக்குக் கோடி பிடித்து கல் கோபுரங்களுக்கு நடுவே வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அகலம் சுமார் 15 அடி, உயரம் நடுக் கோபுரத்தருகே 30 அடி, பெரிய இடைவெளி ஒவ்வொன்றும் 460 அடி. ரயில் ஒரு பக்கம் நுழைந்து இருட்டில் ஓடி மறுபக்கம் வெளிவரும்.

ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்கள் என்றால், கீழே மெனாய் நீரிணை, பாய்மரக் கப்பல் போகிற வழி. கட்டும்போதுகூடச் சாரம் போட்டு வழியை அடைக்கக் கூடாது, பாய்மரம் இடிக்காத அளவுக்குக் கீழே நூறடி இடம் விட வேண்டும் என்று கடற்படை பிடிவாதம் பிடித்தது. வளைவுப் பாலம் என்றால் சாரம் வேண்டும். தொங்கு பாலத்தில் ரயில் போனால் ஆடும். ராபர்ட் ஸ்டீபன்சனும் வில்லியம் ஃபேர்பேர்னும் சேர்ந்து மாதிரிக் குழாய்களை உடைத்து உடைத்துச் சோதித்து இந்த வடிவத்துக்கு வந்தார்கள். 1,500 டன்னுக்கு மேல் எடையுள்ள ஒவ்வொரு பெரிய குழாயையும் கரையிலேயே ஆணியடித்து முடித்து, மிதவையில் ஏற்றி, கடல் ஏற்ற இறக்கம் பார்த்து நகர்த்தி, நீரழுத்த இயந்திரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். தூக்கத் தூக்கக் கீழே முட்டு அடுக்கிக்கொண்டே போனார்கள். 1849-ல் ஓர் இயந்திரத்தின் அடிப்பகுதி வெடித்தபோது குழாய் சில அங்குலம் இறங்கி அந்த முட்டின்மேல் உட்கார்ந்தது. அடுக்காமல் விட்டிருந்தால் மொத்தமும் கடலுக்குள்.

பாலத்துக்குக் கூரை எதற்கு?

இரும்புப் பாலத்துக்கு முன்னால் மரப்பாலத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வெர்மான்ட், பென்சில்வேனியா பக்கம் கிராமத்து மரப்பாலங்களைக் கூரையும் பக்கப் பலகையும் போட்டு மூடியிருப்பார்கள். பார்த்தால் அழகுக்கு என்று தோன்றும். காரணம் மழைதான். பாரம் தாங்குகிற உத்திரங்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டில் தண்ணீர் இறங்கினால் பத்து இருபது வருஷத்தில் உளுத்துப்போகும், மூடி வைத்தால் நூறு வருஷம் நிற்கும். கூரை கெட்டால் கூரையை மாற்றிக்கொள்ளலாம், உத்திரத்தை மாற்ற முடியாது.

பிரிட்டானியாவுக்கும் அதே எண்ணம்தான். குழாய் துருப்பிடிக்கக் கூடாது என்று மேலே மரக்கூரை போட்டு, தார் பூசி வைத்தார்கள். அதுதான் அதற்கு எமனாக வந்தது.

அந்தப் பாலம் இப்போதும் இருக்கிறதா?

பேர் இருக்கிறது, தூண் இருக்கிறது, குழாய் இல்லை. 1970 மே 23 இரவு சில பையன்கள் குழாய்க்குள் வௌவால் தேடிப் போனார்கள், வெளிச்சத்துக்குக் கொளுத்திக்கொண்டு போனது கை தவறி விழுந்தது, தார் பூசிய கூரை பற்றிக்கொண்டது. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் வசதியும் இல்லை. தீ இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடியது. இரும்பு எரியாது, ஆனால் சூட்டில் தளர்ந்து தொய்யும். குழாய்கள் கோபுரங்களருகே பிளந்து நடுவில் தொங்கிவிட்டன. நூற்றிருபது வருஷம் ரயிலைத் தாங்கியது ஒரே இரவில் முடிந்தது.

பழைய கல் தூண்களை வைத்துக்கொண்டு கீழே எஃகு வளைவு கட்டினார்கள். 1972-ல் ரயில் திரும்ப ஓடியது, 1980-ல் அதற்கு மேலேயே கார் ரோடும் வந்தது. பழைய குழாயில் ஒரு துண்டை மட்டும் பாலத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருக்கிறார்கள். சேலத்து இரும்பைப் பார்க்கப் போகிறேன் என்று யாராவது வேல்ஸ் போனால் தொட்டுப் பார்க்க மிச்சம் அதுதான். நுழைவில் நாலு பெரிய கல் சிங்கங்கள் உண்டு, ஜான் தாமஸ் செதுக்கியது. மேலே காரில் போகிறவர்களுக்கு அவை தெரியாது, ரயிலில் போனால்தான்.

சேலத்தில் கூரை போட்ட பாலம் ஏதாவது உண்டா?

கிடையாது. மழைக்கு ஒதுங்க வேண்டுமானால் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தட்டு இருக்கிறது.

ஹீத் வருவதற்கு முன்னால் இங்கே இரும்பு யார், எப்படிக் காய்ச்சினார்கள்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. கஞ்சமலைப் பாறையில் காந்த இரும்புத் தாதுவும் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) வரி வரியாக ஒட்டிக் கிடக்கும், ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கல்லை உடைத்து, தூளாக இடித்து, தண்ணீரில் அலசியோ முறத்தில் புடைத்தோ வெங்கச்சங்கல்லை நீக்கிவிடுவார்கள். இரும்பு கனம், அடியில் தங்கும்.

உலை வெறும் களிமண். மூன்றடியிலிருந்து ஐந்தடி உயரம், அடியில் இரண்டடி அகலம், மேலே போகப் போகக் குறுகி ஓரடி. இரண்டு பேர் சில மணி நேரத்தில் கட்டிவிடுவார்கள், மறுநாள் பயன்படும். காற்றுக்கு இரண்டு ஆட்டுத்தோல் துருத்தி, மூங்கில் மூக்கு, களிமண் குழல். ஒன்றை அமுக்கும்போது மற்றது நிரம்பும், காற்று விடாமல் போகும். கரியும் தாதுவும் மாறி மாறிப் போட்டு மூன்று நாலு மணி நேரம் ஊதினால் அடியில் செந்தழலாக ஒரு கட்டி. உலையின் முன்பக்கத்தை உடைத்து இடுக்கியால் இழுத்து, மரச் சுத்தியால் அடித்துக் கசடை வெளியேற்றுவார்கள். அப்புறம் செய்வதுதான் எனக்குப் பிடித்தது: சூடு ஆறுவதற்குள் கோடரியால் கட்டியை நடுவில் பாதிவரை வெட்டி வைப்பார்கள். வாங்க வருகிறவன் உள்ளே நல்ல இரும்பா, சொத்தையா என்று கண்ணால் பார்த்து வாங்கலாம். தர்ப்பூசணிக்காரர் முக்கோணமாக வெட்டிக் காட்டுவதற்கு முன்னோடி இவர்கள்தான் போலிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்து விவரமாக எழுதி வைத்ததே ஹீத்தான். அந்த வகையில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

உருக்கு என்பது இதுதானா?

இது தேனிரும்பு. உருக்கு இதற்கு அடுத்த கட்டம். இரும்பைத் துண்டாக்கி, கைக்கு அடங்குகிற மண் மூசையில் (உருக்கும் கிண்ணம்) போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்கட்டைச் சீவலைச் சேர்த்து, மேலே ஒன்றிரண்டு எருக்க இலை வைத்து மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துக் காயவைப்பார்கள். இருபது இருபத்துநாலு மூசையை உலையில் வளைவாக அடுக்கி, மேலே கரி கொட்டி, இரண்டரை மணி நேரம் துருத்தி. ஆறியதும் மூசையை உடைத்தால் அடியில் வில்லையாக உருக்கு. மேல்முகத்தில் நடுவிலிருந்து கோடுகள் விசிறினாற்போல் ஓடியிருந்தால் நன்றாக உருகியிருக்கிறது என்று பொருள்.

ஆவாரையும் எருக்கும் மந்திரம் இல்லை. அடைத்த மூசைக்குள் கட்டையும் இலையும் கரியாகி அந்தக் கரிச்சத்து இரும்புக்குள் ஏறுகிறது. இரும்பு எஃகாவது அதனால்தான். இந்த வகை எஃகைத்தான் ஐரோப்பாக்காரர்கள் ‘வூட்ஸ்’ என்று பேர் வைத்துக் கொண்டாடினார்கள். மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே தன் இளவயதில் இதை எடுத்து வைத்துக்கொண்டு ரகசியம் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்.

எவ்வளவு பழைய சமாசாரம் இது?

மேட்டூர் பக்கம் மாங்காட்டில் கிடைத்த இரும்பு வாளைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடைப்பட்டது என்று வந்தது. பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள், 2025-ல் தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அதையும் தாண்டியது. யார் மூத்தவர் என்ற சண்டை ஆய்வாளர்கள் பாடு. நம் ஜில்லாவில் மூவாயிரம் வருஷத்துக்குக் குறையாமல் உலை எரிந்திருக்கிறது, அதற்கு முன்னால் 1850 பாலம் எல்லாம் நேற்றுச் சங்கதி.

பிறகு ஏன் எல்லாம் நின்றது? ஹீத்தும் ஜெயிக்கவில்லையா?

ஹீத்தைக் கவிழ்த்தது மரக்கரி. சின்ன உலைக்கு ஊர்ப் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு சுமை வந்தால் போதும், சீமை உலை இரவு பகலாகத் தின்றுகொண்டே இருக்கும். தாது ஒரு மூலை, கரி ஒரு மூலை, ஆலை கடற்கரையில். கம்பெனிக்குக் கடன் ஏறியது, பேர் மாறியது, சேலம் ஜில்லாவிலேயே காவிரிக் கரையில் ஓர் உலை போட்டு அதையும் 1858-ல் கைவிட்டார்கள்.

அந்த மனுஷனின் சொந்தக் கதை அதைவிடப் பாவம். 1839-ல் ஷெஃபீல்டில் எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் மலிவு இரும்பிலும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். ஆனால் ‘மாங்கனீசுக் கார்பைடு’ என்று எழுதிவிட்டார். அவருடைய ஏஜென்ட்டாகவே இருந்த அன்வின், மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக மூசையில் போட்டு, இது வேறு முறை, காசு தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். ஊரே அதைப் பின்பற்றியது. வழக்கு ஹீத் செத்த பிறகும் நடந்தது.

நம்மூர் மண் உலைகளோ சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியதும் தடுமாறின, 1882 வனச்சட்டத்துக்குப் பிறகு கரிக்குக் காட்டுக்குள் போவதும் கஷ்டமானது. அதோடு சரி.

சேலம் உருக்காலை கஞ்சமலை இரும்பில்தானே ஓடுகிறது?

மலையடிவாரத்தில் இருப்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கஞ்சமலைத் தாதுவை நம்பித்தான் அந்தக் கனவே பிறந்தது, 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார் (வேல்ஸில் குழாய் எரிந்து நாலு மாசம்). ஆனால் 1981-ல் ஓடத் தொடங்கியபோது வெளியிலிருந்து வந்த எஃகை மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடாக உருட்டுகிற ஆலையாகத்தான் ஓடியது. சொந்தமாக உருக்கும் பிரிவு 2010-ல்தான் வந்தது, அதுவும் மலையைத் தோண்டி இல்லை. இடையில் கஞ்சமலையை வெட்டித் தாது எடுக்கத் திட்டம் கிளம்பியதும், சுற்றுவட்டார விவசாயிகள் எதிர்த்து நின்றதும் பலருக்கு நினைவிருக்கும்.

ஏற்காட்டு மலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் தலையில் பாக்சைட் (அலுமினியத் தாது), காலடியில் சுண்ணாம்புக்கரடு வெள்ளைக்கல். அந்த வெள்ளைக்கல் மேக்னசைட், எஃகு உலையின் உள்சுவருக்குப் பூசும் சூடு தாங்கும் செங்கல்லுக்கு அதுதான் மூலம். இரும்புக்குக் கஞ்சமலை, உலைச் சுவருக்கு சேர்வராயன், பேருக்கு சேலம். ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் எல்லோரும் ஊர் விளக்கைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பகலில் தென்மேற்கே திரும்பினால் தனியாக நீண்டு கிடக்கும் கஞ்சமலை தெரியும்.

கஞ்சமலையில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

போர்டு வைத்து, டிக்கெட் கொடுத்து, கைடு பேசுகிற இடம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அடிவாரத்தில் சித்தர் கோவில் இருக்கிறது, டவுன் பஸ்ஸிலேயே போகலாம். அமாவாசை என்றால் கூட்டம் நெரியும், மரு உதிர வேண்டுமென்று உப்பும் மிளகும் வாங்கிப் போடுவார்கள். சித்தரின் சீடர் ஏதோ மூலிகைக் குச்சியால் சோற்றைக் கிளற, சோறு கறுத்துப்போக, பயந்துபோய் அதைத் தானே தின்று இளைஞனானார் என்பது தலபுராணம்.

இரும்பைப் பார்க்க வேண்டுமானால் மழை பெய்து ஓய்ந்த பிறகு மலையிலிருந்து இறங்கும் ஓடைக்குப் போங்கள். மணலில் அங்கங்கே கறுப்பாகப் பட்டை ஓடியிருக்கும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு அந்தக் கறுப்பில் இழுத்தால் பை முழுக்க முள்முள்ளாக நிற்கும். பையை உருவினால் அத்தனையும் உதிர்ந்துவிடும். பை இல்லாமல் நேராகக் காந்தத்தை வைத்தால் சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

வயல் வரப்பிலும் மேட்டுக்காட்டிலும் கனமான, ஓட்டை ஓட்டையான கறுப்புக் கல் கிடைக்கிறதே, அது எரிகல்லா?

பெரும்பாலும் இல்லை. அது இரும்புக் கிட்டம், உலையிலிருந்து வழிந்த கசடு. ஒரு பக்கம் கூழ் வழிந்து உறைந்த மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். கூடவே சுட்ட களிமண் குழல் துண்டு, நடுவில் விரல் நுழைகிற ஓட்டையோடு கிடந்தால் அது துருத்தி மூக்கு. அந்த இடத்தில்தான் உலை இருந்திருக்கிறது. ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் எடுக்காமல் இருப்பது நல்லது. குவியல் எங்கே, எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஓடு உண்டா என்பதை வைத்துத்தான் காலத்தைச் சொல்ல முடியும், வீட்டு அலமாரியில் போய் உட்கார்ந்தால் அது வெறும் கல். போன் கேமராவில் இடம் தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்திலோ சேலம் அரசு அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள். மனை போட ஜேசிபி நிற்கிற இடமாக இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.